சிஏபிடி நான்காம் ஆண்டில் நீர் குறைகிறது: வயிற்றுச் சவ்வு போய்விட்டதா?

கேள்வியின் சுருக்கம்: கோத்தகிரியில் இருக்கும் அம்மாவுக்கு வயது 56. நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே சிஏபிடி (வயிற்றுக்குள் சர்க்கரைக் கரைசலை விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்கும் டயாலிசிஸ்). முதல் ஆண்டில் நான்கு 1.5 பை (எண், கரைசலில் உள்ள சர்க்கரையின் சதவீதம்) போட்டாலே, உள்ளே விட்டதைவிட நாளைக்கு 1100 மில்லி வரை கூடுதல் நீர் வந்தது. இப்போது பகலில் இரண்டு 2.5 பை, மற்ற இரண்டு 1.5 பை போட்டும் 450 மில்லிதான். சிறுநீர் 800 மில்லியிலிருந்து 150 ஆகிவிட்டது. கால் வீங்குகிறது. போன ஆண்டு ஒருமுறை பெரிட்டோனைட்டிஸ் (வயிற்றுச் சவ்வில் தொற்று) வந்து ஆறியது. சவ்வின் வேகத்தை அளக்கும் பெட் சோதனையில் 0.84 வந்து, 'ஹை டிரான்ஸ்போர்ட்டர்' என்று சொல்லிவிட்டார்கள். சவ்வு போய்விட்டதா? தினமும் ஒரு 4.25 பை போடலாமா?

0.84 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சவ்வு போய்விட்டது என்று சொல்ல முடியாது. கழிவும் சர்க்கரையும் சவ்வை எவ்வளவு வேகமாகக் கடக்கின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. நீரை இழுக்கும் திறன் தனிக் கணக்கு, அதற்குத் தனிச் சோதனை உண்டு. தினமும் 4.25 போடுவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே கூட்டிப் பாருங்கள். அன்று பை வழியாக 1100, சிறுநீராக 800, மொத்தம் 1900 மில்லி வெளியேறியது. இன்று 450-ம் 150-ம் சேர்த்து 600. குறைந்த 1300 மில்லியில் சரிபாதி, அதாவது 650 மில்லி, சிறுநீர் வற்றியதால் குறைந்தது. அதில் சவ்வுக்குச் சம்பந்தமே இல்லை. சிஏபிடியில் இருப்பவர்களுக்கு மூன்றாம் நான்காம் ஆண்டில் கால் வீங்கினால் எல்லாரும் வயிற்றைத்தான் சந்தேகிப்பார்கள், சிறுநீரை அளந்து பார்க்க மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இருக்கிற கொஞ்சத்தையும் வற்ற வைத்துவிடும், அவற்றை நிறுத்திவிடுங்கள். சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைட் மாத்திரை இன்னும் பலன் தருமா, எவ்வளவு தரலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்து, அந்த 450 உண்மையான 450 தானா? பை மாற்றும்போது புதுப் பையில் 2000-க்கு மேல் இருக்கும் சுமார் 100 மில்லியைக் குழாய் கழுவ நேராக டிரெயின் பைக்குள் விடுகிறீர்கள். பிறகு டிரெயின் பையை நிறுத்து 2000-ஐக் கழித்தால், வயிற்றுக்குள் போகவே போகாத அந்த 100 மில்லியும் கூடுதல் நீராகக் கணக்கில் ஏறிவிடும். நான்கு பைக்கு 400 மில்லி பொய்க்கணக்கு. இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. வெளியுறையைப் பிரித்ததும் இரட்டைப் பையை அப்படியே, குழாயோடு, ஸ்பிரிங் தராசில் மாட்டி எடையைக் குறியுங்கள். மாற்றி முடித்துக் குழாயைக் கழற்றியதும் இரண்டு பையையும் சேர்த்து மறுபடி நிறுத்துங்கள். முன்பு 2300 கிராம், பின்பு 2420 கிராம் என்றால் அந்த முறை கூடுதல் நீர் 120 மில்லி. கழுவிய நீர் செட்டுக்குள்ளேயே இருப்பதால் கணக்கு கெடாது. நாள் மொத்தத்தை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனை சதவீதப் பை, எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது, எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது, இந்த நான்கும் போதும். ஒரு வாரத்து நோட்டைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

குழாய்க் கோளாறையும் பார்த்துவிட வேண்டும். டிரெயின் 20 நிமிடத்துக்குள் முடிகிறதா, அல்லது 40 நிமிடம் சொட்டுச் சொட்டாக வந்து, எழுந்து நின்றால்தான் மீதி வருகிறதா? இரண்டாவது வகை என்றால் கேத்திட்டரின் (வயிற்றுக்குள் இருக்கும் குழாயின்) முனை இடம் மாறியிருக்கும், அல்லது மலச்சிக்கலால் குடல் அதை அழுத்தும். இரும்பு மாத்திரையும் பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரையும் மலத்தை இறுக்கும், குளிரில் அசையாமல் உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்துகொள்ளும். மலமிளக்கியான லாக்டுலோஸ் கொடுத்து இரண்டு நாள் வயிறு நன்றாகக் கழிந்தபின் அளந்தால் சிலருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். நர்ஸ் முன்னிலையில் 2 லிட்டர் விட்டு உடனே திரும்ப எடுத்துப் பார்க்கலாம். 20 நிமிடத்துக்குள் ஏறக்குறைய முழுதும் வந்துவிட்டால் குழாய் சரி. வராவிட்டால் வயிற்று எக்ஸ்ரே. வயிற்றுத் தோல் ஒரு பக்கம் மட்டும் கனத்துத் தொங்கினாலோ, மார்பின் வலப்பக்கம் நீர் சேர்ந்து மூச்சு வாங்கினாலோ, திரவம் உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் சவ்வின் மேல் பழி போட வேண்டும்.

பெரிட்டோனியம் என்பது குடலையும் வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் போர்த்திய மெல்லிய உறை. மேலே ஒரே ஓர் அடுக்குச் செல்கள், அதன் கீழே கொஞ்சம் இணைப்புத் திசு, அதற்குள் ரத்த நுண்குழாய்கள். வடிகட்டும் வேலையைப் பெரும்பாலும் செய்பவை இந்த நுண்குழாய்களின் சுவர்கள்தான். அந்தச் சுவரில் மூன்று அளவில் வழிகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவை சிறு துளைகள். கிரியேட்டினின், யூரியா, சர்க்கரை, சோடியம், நீர் எல்லாம் அவற்றின் வழியே போகும். புரதம் கசிகிற பெரிய துளைகள் சில. இவை தவிர நீரை மட்டும் விடும் அக்வாபோரின்-1 என்ற வாய்க்கால்கள். அடர்த்தியான சர்க்கரைப் பை போடும்போது வெளிவரும் நீரில் ஏறக்குறைய பாதி இந்த வாய்க்கால்கள் வழியாகத்தான் வருகிறது.

ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக் கரைசல் இந்த உறையை நனைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு மாற்றங்கள் நடக்கும். ஒன்று, புதுப்புது நுண்குழாய்கள் முளைக்கும். சர்க்கரையும், கரைசலைச் சூட்டில் கிருமிநீக்கம் செய்யும்போது சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருட்களும், அழற்சியும் சேர்ந்து இதைத் தூண்டுகின்றன. குழாய் கூடக் கூட வடிகட்டும் பரப்பு கூடும். அதனால் கிரியேட்டினின் வேகமாக வெளியே வரும், அதே வேகத்தில் சர்க்கரை உள்ளே போகும். நீரை இழுப்பதே அந்தச் சர்க்கரைதான் என்பதால், அது சீக்கிரம் ரத்தத்துக்குள் போய்விட்டால் இழுவை நின்றுவிடும். பிறகு வெளிவந்த நீரையே உடல் திரும்ப உறிஞ்சத் தொடங்கும். அம்மாவுக்கு வந்த 0.84 இந்த மாற்றத்தைக் காட்டுகிறது.

இரண்டாவது மாற்றம் தழும்பு. மேல் அடுக்குச் செல்கள் உதிர்ந்து, அதன் கீழே நார்த்திசு தடிக்கும். 2002-ல் வெளியான ஒரு திசு ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்குச் சுமார் 50 மைக்ரானாக இருந்த இந்த அடுக்கு, எட்டு ஆண்டுகளுக்கு மேல் பெரிட்டோனியல் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு 700 மைக்ரான் வரை தடித்திருந்தது. இந்த நிலையில் வயிற்றுக்குள் சர்க்கரை இருந்தாலும் நீர் வருவது குறைந்துவிடும். முதல் மாற்றம் மட்டும் இருந்தால் சமாளிக்க வழி நிறைய உண்டு. இரண்டாவதும் சேர்ந்துகொண்டால் வழி குறுகிவிடும். இந்தக் காரணத்தால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கால ஓட்டத்தில் இது ஒரே சீராக நடப்பதில்லை. முதல் சில வாரங்களில் சவ்வு புதுக் கரைசலுக்குப் பழகும்போதே வேகம் சற்று மாறும், எனவே முதல் பெட் சோதனையைக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் செய்வார்கள். பிறகு பலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய மாற்றம் இருக்காது. அதற்குப் பிறகு வேகம் மெல்ல ஏறும். அடர் பைகள் அதிகம் போட்டவர்களுக்கும், சிறுநீர் சீக்கிரம் வற்றியவர்களுக்கும், கடுமையான பெரிட்டோனைட்டிஸ் வந்தவர்களுக்கும் கூடுதலாக ஏறும். 1990-ல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் நீர் எடுக்கும் திறனை இழக்கும் வாய்ப்பு முதல் ஆண்டில் சுமார் 3 சதவீதம், மூன்றாம் ஆண்டில் சுமார் 10, ஆறாம் ஆண்டில் சுமார் 31 சதவீதம். அது பழைய வகைக் கரைசல்களின் காலம், இன்றைய கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறவியிலேயே, முதல் நாளிலிருந்தே வேகமான சவ்வு உள்ளவர்களும் உண்டு. அதனால் அம்மாவின் முதல் பெட் எண்ணைத் தேடி எடுங்கள். அது 0.62 ஆக இருந்திருந்தால் இன்றைய 0.84 பெரிய மாற்றம். அன்றே 0.80 என்றால் சவ்வு அதிகம் மாறவில்லை, சிறுநீர் வற்றியபின்தான் குறை வெளியே தெரிந்திருக்கிறது. ஒரே முறை வந்து சீக்கிரம் ஆறிய பெரிட்டோனைட்டிஸ் மட்டுமே இவ்வளவுக்கும் காரணமாக இருப்பது அரிது. பெரிட்டோனைட்டிஸ் இருக்கும்போது குழாய்கள் விரிந்து சவ்வு தற்காலிகமாக வேகமாகும். ஆறி ஒரு மாதமாவது ஆகாமல் எடுத்த பெட் எண்ணை நம்ப வேண்டாம்.

சோதனையையே சரியாகச் செய்தார்களா என்பதும் முக்கியம். (புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேன் வேறு. லேபில் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1987-ல் ட்வார்டோவ்ஸ்கி வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. முந்தின இரவுப் பை 8 முதல் 12 மணி நேரம் வயிற்றில் இருக்க வேண்டும். கோவைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, 2 லிட்டரோடு மலைச்சாலை வளைவுகளில் உட்கார முடியாது என்று வீட்டிலேயே டிரெயின் செய்துவிட்டுக் கிளம்புவது. அப்படிச் செய்தால் கணக்கு மாறிவிடும். இரவு 10 மணிக்குப் பை போட்டுவிட்டு, காலையில் இட்லி ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு, முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, 6 மணிக்குக் கிளம்பினால் மேட்டுப்பாளையம் வழியாக நேரத்துக்குப் போய்விடலாம். சர்க்கரை நோய் இருந்தால் அன்றைய இன்சுலினை விட்டுவிடக் கூடாது. ரத்தச் சர்க்கரை 300-க்கு மேல் இருந்தால் நீரின் அளவே தவறாக வரும்.

அங்கே உட்கார வைத்து இரவுத் திரவத்தை 20 நிமிடம் முழுதாக எடுப்பார்கள். பிறகு படுக்க வைத்து, வெதுவெதுப்பான 2 லிட்டர் 2.5 பையை 10 நிமிடத்தில் விடுவார்கள், ஒவ்வொரு 400 மில்லிக்கும் இருபுறமும் புரளச் சொல்வார்கள். உள்ளே போய் முடிந்த நிமிடம்தான் பூஜ்ஜிய நேரம். அப்போதும், இரண்டாம் மணியிலும் 200 மில்லி வெளியே எடுத்து, கலக்கி, 10 மில்லியை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மீதி 190-ஐ உள்ளே விடுவார்கள். ரத்தம் எடுப்பது இரண்டாம் மணியில். நான்காம் மணியில் முழுதும் வடித்து, பையை நன்றாகக் குலுக்கி, நிறுத்து, மாதிரி எடுப்பார்கள். குலுக்காமல் எடுத்த மாதிரி நம்பத்தக்கதல்ல. நான்காம் மணித் திரவத்தில் கிரியேட்டினின் 6.7, ரத்தத்தில் 8.0 என்றால் விகிதம் 0.84. 0.81-க்கு மேல் வேகம், 0.65 முதல் 0.81 வரை சராசரிக்குச் சற்று மேல், 0.50 முதல் 0.64 வரை சற்றுக் கீழ், அதற்கும் குறைந்தால் மந்தம். இன்னொரு சிக்கலும் உண்டு. சில லேப் முறைகளில் திரவத்தில் உள்ள அடர் சர்க்கரை கிரியேட்டினினை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதற்குத் திருத்தம் போட்டார்களா என்று கேளுங்கள். பூஜ்ஜிய நேரத் திரவத்தில் சர்க்கரை 2000 மி.கி. அளவில் இருக்கும், நீர்க்கச் செய்துதான் அளக்க முடியும்.

நீரை இழுக்கும் திறனைத் தனியாகப் பார்க்க 4.25 பையால் அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நான்கு மணி நேரத்தில் 400 மில்லிக்குக் குறைவாகக் கூடினால் நீர் எடுக்கும் திறன் குறைந்திருக்கிறது. முதல் மணி நேர முடிவில் திரவத்தின் சோடியத்தையும் பார்ப்பார்கள். பையில் சோடியம் 132. நீர் மட்டும் விடும் வாய்க்கால்கள் நன்றாக வேலை செய்தால் நீர் முந்திக்கொண்டு வரும், சோடியம் நீர்த்து 125-126 வரை இறங்கும். 5 அளவுகூட இறங்காமல் 129-130-லேயே நின்றால் தழும்பு மாற்றம் தொடங்கியிருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு நேரான விடை இந்தச் சோதனையில்தான் இருக்கிறது. இது செய்யப்பட்டதாக நீங்கள் எழுதவில்லை.

இனி மாற்றம் எங்கே செய்வது? அம்மாவின் இரவுப் பையைப் பாருங்கள். பகலில் 2.5 என்றால் இரவில் போடுவது 1.5 தானே? வேகமான சவ்வில் 1.5 பையின் இழுவை இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மீதி ஏழு மணி நேரமும் நீர் உள்ளேதான் போகும். இரவில் 2000 விட்டுக் காலையில் 1750 எடுக்கிறவர்கள் பலர். பகல் மூன்று பைகளும் சேர்ந்து எடுத்ததில் பெரும்பகுதியை இரவுப் பை ஒன்றே தின்றுவிடுகிறது. எனவே முதல் மாற்றம் அந்த ஒரு பையில்தான். அதற்குப் பதில் 7.5 சதவீத ஐகோடெக்ஸ்ட்ரின் போடலாம். அது பெரிய மூலக்கூறு, சவ்வை எளிதில் கடக்காது. வேகமான சவ்விலும் 8 முதல் 16 மணி நேரம் நிதானமாக நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். நாளைக்கு ஒரு பைதான். விலை கூடுதல். இதைப் போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஓர் ஆபத்து உண்டு: சிலவகை குளுக்கோமீட்டர் பட்டைகள், குறிப்பாக ஜிடிஎச்-பிக்யூக்யூ வகை, இதிலிருந்து வரும் மால்டோஸையும் சர்க்கரையாக எண்ணி அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரையில் மயங்குவார்கள். தொடங்கும் முன் மீட்டரை மாற்றிவிடுங்கள்.

ஐகோடெக்ஸ்ட்ரின் கிடைக்காவிட்டால் நேரத்தைக் குறைக்கலாம். இரவுப் பையைத் தூங்கப் போகும்முன் எடுத்துவிட்டு வயிறு காலியாகத் தூங்கலாம், அல்லது தூக்கத்தின் நடுவில் ஒருமுறை மாற்றலாம், அல்லது ராத்திரி முழுதும் தானே மாற்றும் சைக்கிளர் இயந்திரத்துக்குப் போகலாம். வயிறு காலியாக விட்டால் கழிவு வெளியேறுவது போதுமா என்று, அதை அளக்கும் வாராந்திரக் கேடி/வி எண் 1.7-க்குக் குறையாமல் இருப்பதைப் பார்க்க வேண்டும். சைக்கிளரில் மிகக் குறுகிய சுற்றுகள் வைத்தால் நீர் வரும், உப்பு பின்தங்கிவிடும், அம்மாவுக்குத் தாகம் கூடும்.

தினமும் 4.25? ஒரு 2 லிட்டர் 1.5 பையில் சர்க்கரை 30 கிராம், 2.5 பையில் 50, 4.25 பையில் 85. எந்தச் சர்க்கரையால் சவ்வு வேகமானதோ அதையே கூட்டிக் குறையை ஈடுகட்டுவது வட்டிக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுவதுதான். படுத்தால் மூச்சு முட்டுகிற நாளில் டாக்டரைக் கேட்டு ஒரு 4.25 பையை இரண்டு மணி நேரம் மட்டும் வைத்து எடுப்பது சரியான பயன்பாடு. வழக்கமாக, அதுவும் இரவு முழுக்க வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெட்டியில் எந்தச் சதவீதம் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கைவசம் இருக்கிறதே என்பதற்காக அடர் பையைப் போடக் கூடாது. பையின் இழுப்பு வளையத்தின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், எண்ணைப் படியுங்கள். மழைக்காலத்தில் சாலையில் மண் சரிந்தால் வண்டி வராது, இரண்டு வாரத்துக்கான சரியான பைகள் வீட்டில் இருக்கட்டும்.

சர்க்கரையைக் கூட்டாமல் நீரைக் குறைக்க இன்னொரு வழி உப்பைக் குறைப்பது. சிஏபிடியில் 1 லிட்டர் நீர் கூடுதலாக வந்தால் அதோடு தோராயமாக 6 கிராம் உப்பு வெளியேறும். அம்மாவுக்கு 450 மில்லி என்றால் 3 கிராம்கூடப் போவதில்லை. நாள் முழுதுக்கும் சேர்த்து அரை டீஸ்பூனைத் தாண்டினாலே தங்கத் தொடங்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பேக்கரிப் பண்டம் இவற்றை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் வீக்கம் இறங்குவதைப் பார்க்கலாம். சமவெளியில் இருப்பவருக்கு வியர்வை வழியாகக் கொஞ்சம் நீரும் உப்பும் போகும், கோத்தகிரிக் குளிரில் அதுவும் இல்லை. குளிருக்காக இரண்டு மணிக்கு ஒருதரம் டீ குடித்தால் ஒரு கிளாஸ் 120 மில்லி வீதம் ஆறு கிளாஸில் 700 மில்லியைத் தாண்டிவிடும். எடை பார்க்கும்போது ஸ்வெட்டர், சால்வை இல்லாமல், வயிறு காலியாக, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். கம்பளி உடையே ஒரு கிலோ இருக்கும், அதற்குள் ஒரு கிலோ நீர் ஒளிந்துகொள்ளும். பையை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்க வெப்பத் தட்டு போதும். வெந்நீரில் முக்கினால் ஈரத்தோடு கிருமியும் குழாய் முனைக்குப் போகும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதித்து ஓரிடம் சில்லென்று இருக்கும்.

புதுப் பைகளை வாங்க வசதி இருந்தால், சர்க்கரைச் சிதைவுப் பொருட்கள் குறைந்த, இரண்டு அறை கொண்ட, நடுநிலைக் கரைசல் சிறுநீரைக் கூடுதல் காலம் காக்கிறது. ஆனால் 150 மில்லியில் நிற்கும் ஒருவருக்கு ஐகோடெக்ஸ்ட்ரினுக்குச் செலவிடுவதே முந்தியது என்பது என் கருத்து.

ஐந்தாம் ஆண்டை நெருங்கும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமான சவ்வோடு நீர் எடுக்கும் திறனும் விழுந்தபின், சிலருக்குக் குடலைச் சுற்றி நார்த்திசு கூடுபோல் இறுகும். அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. சாப்பிட்ட உடனே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி வாந்தி, எடை இறக்கம், வெளிவரும் திரவத்தில் காரணமில்லாத ரத்தச் சாயல் இவை தெரிந்தால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். 4.25 சோதனையில் நீரும் குறைவு, சோடியமும் இறங்கவில்லை என்று வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஹீமோடயாலிசிஸுக்கு மாறும் பேச்சைத் தொடங்குவது நல்லது. அதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா பழுத்து ஊசி போடத் தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் இன்றிலிருந்தே அம்மாவின் அதிகம் பயன்படாத கையில், பெரும்பாலும் இடது கையில், யாரும் ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீர்கள். வலது புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள்.